வான்கூவரிலிருந்து சிட்னிக்குக் கப்பலில்: மூன்று வாரத்துக்கு மேல், அப்பா அம்மாவுக்கு ஒத்துவருமா?

காவிரிக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். நான் வான்கூவர் பக்கத்தில் சர்ரேயில் இருக்கிறேன், தங்கை சிட்னியில். அப்பா அம்மா திருச்சியிலிருந்து வந்து இந்தக் கோடை முழுக்க எங்களோடுதான் இருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும், பொங்கல் வரை அங்கே. விமானம் என்றால் இங்கிருந்து சிட்னிக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். இங்கே வரும்போதே அப்பாவுக்குக் கால் வீங்கி இரண்டு நாள் செருப்புக்கூடப் போட முடியவில்லை.

ஆபீஸில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, அலாஸ்கா சுற்றுலாக் கப்பல் சீசன் முடிந்ததும் இங்கே ஓடுகிற கப்பல்களில் சில ஆஸ்திரேலியக் கோடைக்காகப் பசிபிக்கைக் கடந்து சிட்னிக்குப் போகுமாம், அந்த ஒரு வழிப் பயணத்துக்கும் டிக்கெட் விற்பார்களாம். பார்த்தேன், இருக்கிறது. ஹவாயில் சில இடங்கள், அமெரிக்க சமோவாவில் பாகோ பாகோ, அடுத்து சமோவா என்கிற தனி நாட்டில் ஏபியா, ஃபிஜி, நியூ கலிடோனியாவில் நூமியா, கடைசியில் சிட்னி. மொத்தம் மூன்று வாரத்துக்கு மேல். அதில் ஹொனலூலு வரை ஏறக்குறைய ஐந்து நாள், அங்கிருந்து சமோவா வரை இன்னொரு ஐந்து நாள், தண்ணீரைத் தவிர எதுவும் கண்ணில் படாது.

என் கவலை விலை இல்லை, அதைத் தங்கையும் நானும் பேசி முடித்துவிட்டோம், அதனால் விலை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கவலை, தினப்படி என்ன செய்வார்கள் என்பதுதான். அப்பா 71 வயது, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் பேசிவிடுவார், சர்க்கரை இருக்கிறது, ராத்திரி ஒரு இன்சுலின். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது, புரட்டாசி வேறு. இங்கிலீஷ் புரியும், பேசக் கூச்சம். வீட்டிலேயே ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டார், அவரை மூன்று வாரம் வேலையே இல்லாத இடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நீண்ட கடல் பயணம் போனவர்கள், கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சிட்னி_சித்தப்பா

தம்பி, நானும் மனைவியும் இதே வழியில் வந்தவர்கள்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாளை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம் என்று அப்பா அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வான்கூவர் தீவைத் தாண்டும் வரை தண்ணீர் ஏரி போல இருக்கும், ஹுவான் டி ஃபூகா நீரிணையை விட்டு வெளியே வந்ததும் வடமேற்கிலிருந்து வரும் பெரிய அலை கப்பலைத் தூக்கி இறக்க ஆரம்பிக்கும். குளிரும் இருக்கும். மேல்தளத்தில் ஆளே இருக்காது, எல்லாரும் உள்ளே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சோகமாக இஞ்சி பிஸ்கட் தின்றுகொண்டிருப்பார்கள். தெற்கே இறங்க இறங்கக் குளிர் விட்டுவிடும், ஒரு நாள் காலை கதவைத் திறந்தால் நம்ம ஊர்க் காற்று. பயணம் அங்கேதான் ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். மேற்கே போவதால் கடிகாரத்தை அவ்வப்போது ராத்திரியில் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். வான்கூவரிலிருந்து ஹவாய்க்குள் மூன்று மணி நேரம், சமோவாவுக்குள் இன்னொன்று, அதன் பிறகு ஃபிஜிக்கு ஒன்று, நூமியாவுக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் நாளுக்கு 25 மணி நேரம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நம் வயதுக்காரர்களுக்குத் தூக்கம் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லையே, நாலரை மணிக்கே முழிப்பு வந்துவிடும். அந்த நேரத்துக்குப் போனால் நடைத்தளத்தில் பத்துப் பதினைந்து பேர் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பார்கள். காப்பி இயந்திரம் இருக்கும் இடத்தில் ஒரு கூட்டம் நிற்கும். அப்பாவுக்கு முதல் நட்பு அங்கேதான் கிடைக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் சாயங்காலமே மறுநாள் நிகழ்ச்சிகளை அச்சடித்த தாள் கேபினுக்கு வந்துவிடும் (இப்போது சில கப்பல்களில் போன் ஆப்பில் மட்டும், அச்சுத்தாள் வேண்டும் என்று வரவேற்பு மேஜையில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்). பேனாவை எடுத்து எதெது வேண்டும் என்று வட்டம் போட்டுக்கொள்வது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சடங்கு. ஹவாய்க்குப் போகும் வரை ஹுலா நடனமும் யுகுலேலே வாத்தியமும் சொல்லித்தருவார்கள், எழுபது வயதுக்காரர்கள் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து ஒரே பாட்டை ஐந்து நாளும் தப்புத்தப்பாக வாசிப்பார்கள், கேட்கச் சகிக்காது, ஆனால் அதில் சேர்ந்தவர்கள் மாதிரி சந்தோஷமாக யாரும் இல்லை. சொற்பொழிவு காலையில் ஒன்று, மதியம் ஒன்று: எரிமலை, பசிபிக் தீவு மக்கள் நட்சத்திரத்தைப் பார்த்தே படகு ஓட்டிய கதை, போர்க்கால வரலாறு. அப்புறம் சீட்டாட்டம், பொது அறிவுப் போட்டி, நூலகத்தில் ஆயிரம் துண்டுப் படப்புதிர். அந்தப் புதிர் மேஜையை யாரும் சொந்தம் கொண்டாட மாட்டார்கள், போகிற வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு வைத்துவிட்டுப் போவார்கள்.

மதியம் 12 மணிக்கு கேப்டன் ஒலிபெருக்கியில் வருவார். அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் வேகம், கீழே எத்தனை ஆழம், நேற்று மதியத்திலிருந்து எத்தனை கடல்மைல் வந்தோம். வான்கூவரிலிருந்து ஹொனலூலு சுமார் 2,400 கடல்மைல், மணிக்கு 20 கடல்மைல் ஓடினால் ஐந்து நாள், கணக்குச் சரியாக வரும். உங்கள் அப்பா ரயில்வேக்காரர் என்கிறீர்கள், ஒரு நோட்டும் ஸ்கேலும் கொடுத்தனுப்புங்கள். என்னோடு வந்த ஒருவர் தினமும் அதைக் குறித்து வரைபடத்தில் புள்ளி வைப்பார், அடுத்த நாள் தூரத்தை யார் சரியாகச் சொல்வது என்று காப்பி மேஜையில் பந்தயமே நடக்கும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கடல்நாட்களில் பின்னல் வேலைக்காரப் பெண்கள் ஒரு மூலையில் கூடுவார்கள். நடத்த ஆள் கிடையாது, தாளில் இடமும் நேரமும் மட்டும் போட்டிருக்கும். என் மனைவியும் இங்கிலீஷுக்குப் பயப்படுகிறவர்தான், கூடையை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஒரு நியூசிலாந்துப் பாட்டி ஒன்றும் கேட்கவில்லை, இவர் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் நூல் உருண்டையை இவர் பக்கம் தள்ளி, ஊசியை எடுத்து அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று சைகையில் கேட்டார். அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு அவரைக் கேபினில் பிடிக்க முடியவில்லை. அம்மாவுக்கு என்ன கைவேலை தெரியுமோ, குரோஷாவோ, ஒயர் கூடையோ, சாமானைக் கொடுத்து அனுப்புங்கள். அதுவே பேச்சைக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது வாரத்தில் கப்பல் ஒரு சின்ன ஊர்த் தெரு மாதிரி ஆகிவிடும். யார் எந்த நாற்காலி, யார் யாரோடு பேசுவதில்லை, யார் லாண்டரியில் அடுத்தவர் துணியை எடுத்து வெளியே வைத்தது, எல்லாம் தெரியும். லாண்டரி அரசியல் தனி. கடல்நாள் காலையில் அங்கே போகவே போகாதீர்கள், எல்லாரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போனால் இயந்திரம் காலியாக இருக்கும்.

கஷ்டம் எப்போது வரும் என்றால், ஹொனலூலு விட்ட மூன்றாம் நாள், நாலாம் நாள். சாப்பாடு அலுக்கும், வீட்டு ஞாபகம் வரும். சொல்லிவைத்தாற்போல் அந்த நேரத்தில்தான் நிலநடுக்கோடு வரும், நீச்சல் குளத்தருகே நெப்டியூன் ராஜா வேஷம் கட்டி, முதல் முறை கோட்டைக் கடப்பவர்கள் தலையில் கூழும் ஐஸும் கொட்டி, ஒரு பெரிய செத்த மீனுக்கு முத்தம் கொடுக்கச் சொல்வார்கள். அம்மா தூரத்தில் இருந்து பார்த்தால் போதும். சான்றிதழ் எல்லாருக்கும் தருவார்கள்.

ஜன்னலோரம்

எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் இளவயசுக்காரன், இதைவிடச் சின்னப் பயணம்தான் போனேன், இரண்டாம் கடல்நாளே சுவரை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கே திரும்பினாலும் சாப்பாடு, எங்கே திரும்பினாலும் எதையாவது விற்கிறார்கள், ஸ்பா, நகை, படம், போட்டோ. கால் வீக்கம்தான் பிரச்சினை என்றால் ஹொனலூலுவில் மூன்று நாள் தங்கி இரண்டு விமானமாகப் பிரித்துப் போகலாமே? இல்லையென்றால் ஹொனலூலு வரை மட்டும் கப்பல், அங்கிருந்து விமானம். பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் ஐந்து நாளோடு போச்சு.

சிட்னி_சித்தப்பா

@ஜன்னலோரம் நியாயமான யோசனைதான். வான்கூவரில் ஏறினால் ஹொனலூலுவில் இறங்கச் சட்டத்தில் தடையில்லை. சியாட்டிலில் ஏறியிருந்தால் முடியாது, வெளிநாட்டுக் கொடிக் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆளை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கக்கூடாது என்று 1886ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் பாதியில் இறங்குவதை டிக்கெட் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும், நடுவில் மனம் மாறினால் கப்பல்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்புறம், முப்பது வயதில் அலுப்பாக இருப்பதும் எழுபதில் அலுப்பாக இருப்பதும் ஒன்றல்ல. அந்த வயதில் மூன்று வேளைச் சாப்பாட்டை யாரோ சமைத்து, பாத்திரத்தையும் யாரோ கழுவினால் அதுவே பாதி சொர்க்கம் என்று என் மனைவி சொல்கிறார்.

கப்பல்சோறு

தூத்துக்குடிக்காரன், ரொம்ப வருஷம் கப்பலில் ஹோட்டல் பக்கம் வேலை பார்த்தவன். சித்தப்பா மேலே இருந்து பார்த்ததைச் சொன்னார், நான் கீழே இருந்து சொல்கிறேன்.

சாப்பாட்டில் முதல் நாள் ராத்திரிதான் முக்கியம். டைனிங் ஹாலுக்குப் போனதும் ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, சைவம், முட்டை இல்லை, மீன் சாஸ் இல்லை, கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். வெறும் "வெஜிடேரியன்" என்றால் காய்கறி சூப் வரும், அதன் அடியில் சிக்கன் ஸ்டாக் இருக்கும். பாதிக் கப்பல்களில் கிச்சனில் இந்தியர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு ராத்திரியும் மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் தால், சப்ஜி, ரொட்டி தனியாகச் செய்து வரும். வடக்கத்திப் பக்குவம்தான், சாம்பார் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பஃபேயில் வெறும் சோறும் இனிப்பில்லாத தயிரும் தினமும் இருக்கும். ஊறுகாய் கையில் இருந்தால் அம்மா பிழைத்துக்கொள்வார். கம்பெனியில் வாங்கிய சீல் போட்ட ஊறுகாயும் பொடியும் போதும், வீட்டில் கட்டிய பொட்டலம் வேண்டாம், ஒவ்வொரு துறைமுகத்திலும் கேள்வி வரும்.

பச்சைக்காய் விஷயம் ஒன்று. கப்பல் சரக்கு ஏற்றிய முதல் இரண்டு நாள் கீரை, பெர்ரி எல்லாம் குவியும். ஐந்தாம் நாள் பார்த்தால் சாலட்டில் முட்டைக்கோஸும் கேரட்டும்தான் தலைகாட்டும். வாழைப்பழம் பழுத்துப்போய் கேக் ஆகிவிடும். இதைப் புரிந்துகொண்டு சாப்பிட்டால் கோபம் வராது.

கேபினுக்குள் கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் போர்டு எதுவும் கொண்டுபோகக்கூடாது, பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே பிடித்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் கிடைக்கும். கப்பலில் எல்லாரும் பயப்படுவது புயலுக்கு இல்லை, தீக்கு. அதே காரணத்தால் கேபினில் விளக்கேற்றுவது, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. புகை உணர்கருவி கத்தினால் ஆட்கள் தீயணைப்பு உடையோடு வந்து நிற்பார்கள். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நம்ம ஆட்கள் யாரும் வெளியே சொல்லாத விஷயம். டாய்லெட்டில் ஹெல்த் ஃபாசெட் கிடையாது, காகிதம்தான். ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் போடுங்கள். ஃபிளஷ் காற்றழுத்தத்தில் உறிஞ்சுகிற ரகம், முதல் தடவை சத்தத்தைக் கேட்டு அம்மா பயப்படுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதில் காகிதத்தைத் தவிர வேறு எதைப் போட்டாலும் அந்த வரிசைக் கேபின்கள் மொத்தமும் அடைத்துக்கொள்ளும்.

கேபின் எடுக்கும்போது பால்கனிக்கு ஆசைப்பட்டு உச்சித்தளத்தில் முன்பக்கம் எடுத்துவிடாதீர்கள். கீழ்த்தளம், நீளவாக்கில் நடுவில். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் உண்டு, ஆனால் மூக்கு ஏறி இறங்குவதை அது ஒன்றும் செய்யாது, அந்த ஆட்டம் நடுவில்தான் குறைவு. அப்பாவுக்கு முழங்கால் என்றால் லிஃப்ட் பக்கம் கேளுங்கள், நீளமான தாழ்வாரம் நடந்தே ஓய்ந்துவிடுவார்.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சிக்கு யாரும் டிமிக்கி கொடுக்க வேண்டாம். ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல், அதுதான் அபாய அறிவிப்பு. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா இத்தாலிக் கரையில் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்களே, அன்று சாயங்காலம் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்னோ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று உலக விதி இறுகியது.

கேபின் பையனிடம் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். ஆறு முதல் ஒன்பது மாதம் ஒப்பந்தம், அது முடியும் வரை வாரத்தில் முழு லீவு நாள் என்று ஒன்று கிடையாது, ஓய்வு நேரம் மட்டும் உண்டு, எந்த 24 மணியிலும் குறைந்தது பத்து மணி என்று சர்வதேச விதி. உங்களுக்குக் கீழே கப்பலின் நீளம் முழுக்க ஒரு பெரிய தாழ்வாரம் ஓடுகிறது, அமெரிக்க நெடுஞ்சாலைப் பெயரை வைத்து ஐ-95 என்று கூப்பிடுவோம், காய்கறி வண்டி, அழுக்குத்துணி, நடனக்காரிகள், எஞ்சின் ஆட்கள் எல்லாரும் அதில்தான் போவோம் வருவோம். அங்கே தமிழ்க்குரல் கேட்காத கப்பல் நான் பார்த்ததில்லை. அம்மா தமிழில் பேசுகிறார் என்று ஒரு பையனுக்குத் தெரிந்தால் போதும், க்ரூ மெஸ்ஸில் வைத்த ரசம் எப்படியாவது மேலே வந்துவிடும். (அப்படிச் செய்யக்கூடாது என்பது விதி. நான் ஒன்றும் சொல்லவில்லை.)

தெர்மாமீட்டர்

நர்ஸாக இருக்கிறேன், அப்பாவுக்காக எழுதுகிறேன்.

மருந்து எல்லாம் கைப்பையில், பயண நாளைவிட இரண்டு வாரத்துக்கு அதிகமாக, அட்டை உரிக்காமல், டாக்டர் சீட்டோடு. ஏற்றும்போது வாங்கிக்கொண்டு போகும் பெரிய பெட்டி ராத்திரிதான் கேபினுக்கு வரும், அதில் இன்சுலின் வேண்டாம். கேபினில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் லேசாகத்தான் குளிரும், இன்சுலினுக்கு என்று சொல்லி நல்ல ஃபிரிட்ஜ் முன்பே கேட்டுவையுங்கள்.

கடிகாரம் ஒரு மணி நேரம் மாறுவதால் பெரிய சிக்கல் இல்லை, இருந்தாலும் இன்சுலின் நேரத்தைக் கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிக்கல் வேறு இடத்தில். சமோவா பக்கம் தேதிக்கோட்டைக் (இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் அடுத்த தேதி என்று பிரிக்கிற கற்பனைக் கோடு) கடக்கும்போது காலண்டரில் ஒரு நாள் எகிறிவிடும், கிழமை எழுதிய மாத்திரை டப்பாவில் ஒரு குழி நிரம்பியபடியே இருக்கும், அதைப் பார்த்து ஒரு நாள் விட்டுப்போச்சோ என்று இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போட்டுவிடக்கூடாது. முந்தின டோஸிலிருந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், கிழமையைப் பார்க்க வேண்டாம்.

வாந்திக்கு நம்ம ஊர் பஸ் பயண வழக்கத்தில் அவோமின் போட்டுக்கொள்வார்கள், வயதானவர்களுக்கு அது தூக்கக் கலக்கம் தரும், ஆடுகிற கப்பலில் தடுமாறி விழுந்து இடுப்பு உடைந்தால் வாந்தியைவிடப் பெரிய பாடு. அதையும் டாக்டரிடமே கேளுங்கள். வயிற்றைக் காலியாக விடாமல் உலர்ந்த பிஸ்கட், இஞ்சி, தொடுவானத்தைப் பார்த்து உட்காருவது, இவற்றிலேயே பலருக்கு அடங்கிவிடும்.

கை கழுவுவது. வாசலில் தெளிக்கும் ஜெல், நோரோவைரஸ் என்கிற வயிற்றுப்போக்குக் கிருமிக்குச் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். பஃபேயில் பொதுக் கரண்டியைத் தொட்ட கையோடு யாரும் சாப்பிடக்கூடாது, நாமோ கையால் சாப்பிடுகிறவர்கள், அதனால் இரண்டு மடங்கு கவனம். ஒருநாள் திடீரென்று பஃபேயில் நீங்களே எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு ஊழியர்கள் பரிமாற ஆரம்பித்தால், வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று புரிந்துகொள்ளலாம். அப்படி வந்தால் மறைக்காமல் மருத்துவ அறைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், கேபினிலேயே இருக்கச் சொல்வார்கள், அது நல்லதுக்குத்தான்.

அந்த மருத்துவ அறையில் டாக்டர், எக்ஸ்ரே, படுக்கை எல்லாம் உண்டு, ஆனால் காசு கறாராக வாங்குவார்கள், ஹொனலூலுவுக்கும் சமோவாவுக்கும் நடுவில் ஹெலிகாப்டரும் எட்டாது. பழைய நோய்களையும் சேர்த்து, நடுக்கடலிலிருந்து ஆளைக் கொண்டுபோவதையும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். இது இல்லாமல் அனுப்ப வேண்டாம். விமானம் போலக் கால் மடக்கி உட்கார வேண்டியதில்லை என்பதில் எனக்கும் சந்தோஷம்தான், அதற்காக ஆறு வேளை சாப்பிட ஆரம்பித்தால் சர்க்கரை ஏறும், அந்தக் காலை நடையை விடவே கூடாது.

காவிரிக்கரையான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ரசம் பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார்.

இப்போது அப்பா ஒரு கேள்வி கிளப்பியிருக்கிறார், சிரிக்காதீர்கள். மகாளய அமாவாசை கப்பலில்தான் வருகிறது, சமோவா நெருங்கும் சமயம். வருஷா வருஷம் தர்ப்பணம் விடாதவர். அந்த நாளே தேதிக்கோட்டில் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிறார். திருச்சிக்குப் போன் போட்டுக் கேட்டோம், வாத்தியார் "கப்பலிலா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

சிட்னி_சித்தப்பா

சிரிக்க ஒன்றுமில்லை, நல்ல கேள்வி. காணாமல் போவது தேதியின் பெயர்தான், விடியல் இல்லை. கப்பலில் இருப்பவருக்குச் சூரியன் தினமும் உதிக்கத்தான் செய்கிறது, சனிக்கிழமை தூங்கி எழுந்தால் திங்கள் என்று தாளில் போட்டிருக்கும், அவ்வளவுதான். திதியோ சந்திரனுக்கும் சூரியனுக்கும் உள்ள கோணத்தைப் பொறுத்தது, அது உலகம் முழுக்க ஒரே கணம். அதனால் பஞ்சாங்கத்தில் இந்திய நேரப்படி அமாவாசை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று குறித்துக்கொண்டு, அதைக் கப்பல் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால் எந்தக் காலையில் அது நடப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாகோ பாகோ நேரம் இந்தியாவுக்கு 16½ மணி பின்னால், ஏபியா நேரம் 7½ மணி முன்னால். மற்றதை வாத்தியார் சொல்வார்.

அந்த இரண்டு ஊருக்கும் கடிகாரத்தில் ஒரே மணி, நாள்தான் வேறு, நடுவில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். சமோவா முன்பு இந்தப் பக்கம்தான் இருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வியாபாரத்துக்கு வசதியாக 2011இல் கோட்டுக்கு அந்தப் பக்கம் தாவியது, டிசம்பர் 29க்கு அடுத்த நாள் 31. அந்த ஊரில் அந்த வருஷம் டிசம்பர் 30 பிறந்தநாள்காரர்கள் பாவம்.

கப்பல்சோறு

தர்ப்பணம் கேபினிலேயே ஒரு தாம்பாளத்தில் விடச் சொல்லுங்கள். எள்ளும் தண்ணீரும்தானே என்று பால்கனியிலிருந்து கடலில் ஊற்ற வேண்டாம். கப்பலிலிருந்து எதையும் வெளியே போடக்கூடாது என்பதில் ரொம்பக் கண்டிப்பு. எள்ளை வடிகட்டிக் குப்பையில், தண்ணீரை வாஷ்பேசினில். கடல் தண்ணீரைக் காய்ச்சியும் வடிகட்டியும்தான் அந்தக் குழாயில் வருகிறது, அப்பா அப்படி மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

நாடி_ரிட்டர்ன்

ஃபிஜியில் வேலை பார்த்துத் திரும்பியவன். கப்பல் சுவாவில் நிற்கிறதா, லவுடோகாவிலா என்று பாருங்கள். லவுடோகா என்றால் அங்கிருந்து நாடி 24 கிலோமீட்டர்தான், பஸ்ஸும் டாக்சியும் கிடைக்கும். நாடி மெயின் ரோட்டின் கடைசியில் ஸ்ரீ சிவ சுப்ரமணிய சுவாமி கோயில், கோபுரமும் வண்ணமும் நம்ம ஊரேதான், இப்போதுள்ள கட்டடம் 1994இல் குடமுழுக்குக் கண்டது. இரண்டு வாரம் கடலைப் பார்த்துவிட்டு அம்மா அந்த வாசலில் இறங்கினால் அவர் முகத்தை நீங்கள் போட்டோவில்தான் பார்க்க முடியும். கோயிலில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணமும் இடுப்பில் கட்டத் துணியும் உண்டு, சேலை வேட்டியில் போனால் அந்தப் பிரச்சினை இல்லை.

கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் இந்தியர்கள் ஃபிஜிக்கு வந்தது 1879 முதல் 1916 வரை, தெற்கிலிருந்து சென்னை வழியாக வர ஆரம்பித்தது 1903இல். கவுண்டர், நாயுடு, ரெட்டி, பிள்ளை என்று கடைப் பலகைகளில் பார்க்கலாம், ஆனால் பேச்சு பெரும்பாலும் ஃபிஜி இந்திதான். 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. அப்பா பேச்சுக்கு ஆள் தேடுகிறவர் என்றால் கோயில் வாசலில் நேரம் போவது தெரியாது, கப்பல் கிளம்பும் நேரத்தை யாராவது ஞாபகப்படுத்துங்கள், தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. சுவாவில் நின்றால் நாடி ஒரே நாளில் போய்வர முடியாத தூரம், சுவாவிலேயே கோயில்கள் இருக்கின்றன.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஃபிஜிக்கு முன்விசா தேவையில்லை. நூமியாதான் இடறும், பிரெஞ்சுப் பகுதி என்றாலும் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, அதற்கென்று தனியாக எடுக்க வேண்டும். இறங்காமல் கப்பலிலேயே இருந்தாலும் விசா கேட்கும் கப்பல்கள் உண்டு, ஏறும் இடத்திலேயே தடுத்துவிடுவார்கள். அமெரிக்க விசாவும் ஆஸ்திரேலிய விசாவும் சொல்லவே வேண்டாம்.

காவிரிக்கரையான்

நூமியா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நாளைக்கே விசாரிக்கிறேன். கேபின் நடுவில், கீழ்த்தளம், லிஃப்ட் பக்கம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கடைசியாக இரண்டு: விசேஷ ராத்திரிகளுக்குக் கோட்டு சூட்டு வாங்க வேண்டுமா? இறங்கும்போது சிட்னியில் ஏதாவது கவனிக்கணுமா?

சிட்னி_சித்தப்பா

கோட்டு வேண்டாம். பட்டு வேட்டி சட்டை, அம்மாவுக்குப் பட்டுச்சேலை. எந்த நாட்டு உடையாக இருந்தாலும் கௌரவமாக ஏற்றுக்கொள்வார்கள், என் மனைவியோடு போட்டோ எடுத்துக்கொள்ள அன்று வரிசையே நின்றது. போனை முதல் நாளே ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபை பேக்கேஜ் எடுத்துக்கொடுங்கள், கப்பலின் செல்போன் இணைப்பில் தானாக மாட்டிக்கொண்டால் பில் கண்ணைக் கட்டும்.

சிட்னியில் கப்பல் எந்த முனையம் என்று தங்கையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரிய கப்பல்கள் ஹார்பர் பாலத்துக்குக் கீழே நுழைய முடியாது, சர்க்குலர் கீயில் நிற்கும், சின்னவை பாலத்தைத் தாண்டி ஒயிட் பே முனையத்துக்குப் போகலாம். துறைமுகத்துக்குள் நுழைவது பெரும்பாலும் விடிவதற்கு முன்னால், அன்று அலாரம் வைத்து மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும்.

மீந்த ஊறுகாய், பொடி, நெய் எது இருந்தாலும் வருகை அட்டையில் உணவுப்பொருள் கேள்விக்கு "ஆம்" போட்டுக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகபட்சம் எடுத்துப் போடுவார்கள், காட்டாமல் பிடிபட்டால் அபராதம். கப்பல் பஃபேயில் எடுத்துக் கைப்பையில் மறந்த ஆப்பிளும் அதில் சேர்த்தி, இறங்கும் காலை அம்மாவின் பையை ஒரு தடவை கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.